பல்லுக்கும் ஒரு படிப்பு: பணம் கட்டுமுன் பதவியைத் தேடுவோம்

நமக்கான தொழில்கள் – தொடர் பத்தி



தையல், முன்பள்ளி, தாதிமை என்று நமக்குப் பழக்கமான தொழில்களைப் பற்றி நாம் நிறையவே பேசிவிட்டோம். இம்முறை நம் பெண்கள் மத்தியில் அதிகம் பேசப்படாத ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். பல்லுக்கும் ஈறுக்கும் நோய் வருமுன்னே காக்கின்ற தொழில் அது. வெளிநாடுகளில் இந்த வேலை செய்பவரை 'டென்டல் ஹைஜீனிஸ்ட்' என்கிறார்கள். நாம் பற்சுகாதாரப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ளலாம். பல் வைத்தியருக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுப்பவர் வேறு, இவர் வேறு. பற்காறையைச் சுரண்டி அகற்றுவது, ஈறின் நிலையை அளந்து பதிவது, பல்லின் பள்ளங்களைப் பூசி மூடுவது, பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் பல் பராமரிப்பைச் சொல்லிக்கொடுப்பது ஆகியவை இவர் தன் கையாலேயே செய்கின்ற வேலைகள்.

பல் வலிக்குக் கணக்கு இல்லை

வடக்கில் 'பல்லுக்கொதி' என்பார்கள். மலையகத்தில் 'பல் வலி' என்பார்கள். எங்கே என்றாலும் பெண்கள் அதைக் கடைசி வருத்தமாகத்தான் வைத்திருக்கிறோம். காய்ச்சல் என்றால் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போவோம். பல் என்றால் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு மலைக்கு ஏறிவிடுவோம். மஸ்கெலியாவின் மேல் கணக்குத் தோட்டமொன்றிலிருந்து பல் கிளினிக்குக்குப் போவதென்றால் ஒரு நாள் பேர் போய்விடும். பஸ் காசும் வேண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதை ஒரு பல்லுக்காக இழக்க எந்தத் தாய் துணிவாள்? அதனால்தான் பல், பிடுங்கும் நிலைக்கு வந்த பிறகே வைத்தியரைக் காண்கிறது.

பிள்ளைகளின் நிலையும் இதுவே. 2015–16இல் நடந்த தேசிய வாய்ச் சுகாதார ஆய்வில், நாட்டின் ஐந்து வயதுப் பிள்ளைகளில் அரைவாசிக்கும் அதிகமானோருக்குப் பற்சொத்தை இருந்தது தெரியவந்தது. பாற்பல் எப்படியும் விழத்தானே போகிறது என்று நாம் விட்டுவிடுகிறோம். ஆனால் ஆறு வயதளவில் பின்னால் முளைக்கின்ற கடைவாய்ப்பல் நிரந்தரப் பல். அதையும் பாற்பல் என்று எண்ணி விட்டுவிட்டால் ஆயுள் முழுவதற்கும் அந்த இடம் வெறுமைதான்.

அம்மா கொழுந்து எடுக்கப் போனதும் பிள்ளை பிள்ளைக்காம்பராவிலோ பாட்டியிடமோ இருக்கிறது. அழுதால் இனிப்பு பிஸ்கட். தூங்க வைக்கச் சீனி போட்ட போத்தல் பால். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தால் பல் துலக்கியதா என்று கேட்கவும் ஆள் இல்லை. சமூகவியல் படித்தபோது, நோய் என்பது உடம்பில் மட்டும் உண்டாவதில்லை, வாழும் நிலையிலும் உண்டாகிறது என்று கற்றேன். ஒரு பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தால் அந்தக் குடும்பத்தின் வேலை நேரம், வருமானம், தண்ணீர் எல்லாம் அங்கே எழுதியிருக்கும்.

ஒரு தாயின் கேள்வி

மஸ்கெலியாவில் பெண்கள் குழுக் கூட்டமொன்று முடிந்ததும் ஒரு தாய் என்னிடம் வந்தார். பெயர் வேண்டாம். அவருடைய பெற்றோர் 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறியவர்கள். மலையகத்திலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் எத்தனையோ. அங்கே காணி வெட்டி, கிணறு கட்டி, கலியாணமும் முடித்த பிறகு போர் வந்தது. 2009இல் கணவரை இழந்து, முகாமில் இருந்து, பின் செட்டிகுளத்தில் சில வருடம் கூலி வேலை செய்துவிட்டு, கடைசியில் மஸ்கெலியாவில் பெரியப்பா மகனின் லயத்துக்கு இரண்டு பிள்ளைகளோடு திரும்பினார். பெற்றோர் விட்டுப்போன அதே மலைக்கு, ஒரு தலைமுறை கழித்து.

மூத்த மகளின் முன்பற்களில் பழுப்புக் கறை. இங்குள்ள பாடசாலையில் அவளைப் 'பல்லு விளக்காதவள்' என்று கேலி செய்தார்கள். அவள் சிரிக்கும்போது கையால் வாயை மூடப் பழகிக்கொண்டாள். அழுக்கு என்று எண்ணித் தாயும் கரித்தூள் போட்டுத் தேய்க்க வைத்தார். உண்மையில் அது அழுக்கு அல்ல. வவுனியா, அநுராதபுரம் போன்ற வரண்ட பிரதேசங்களில் பல இடங்களின் நிலத்தடி நீரில் புளோரைட்டு அதிகம். நிரந்தரப் பல் முரசுக்குள் உருவாகின்ற சின்ன வயதில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால், பல்லின் மேற்பூச்சில் வெண் திட்டும் பழுப்புக் கறையும் விழும். எத்தனை தேய்த்தாலும் அது போகாது. கரித்தூள் மேற்பூச்சைத் தேய்த்துக் கெடுக்கவே செய்யும். வன்னியில் இருந்து இதை வாசிக்கும் தாய்மார் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பிள்ளையைத் திட்ட வேண்டாம்.

இதை அந்தப் பிள்ளைக்கு முதலில் விளக்கிச் சொன்னவர் கிளினிக் ஒன்றில் இருந்த பெண் பணியாளர் ஒருவர்தான். "உன்னுடைய பிழை இல்லை" என்று அவர் சொன்னதை அவள் மறக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு அந்த வேலையில் ஆசை. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் படித்தாள். உயிரியலும் இரசாயனமும் சித்தி, பௌதிகவியல் தவறிவிட்டது.

தாயின் கேள்வி இதுதான்: "மிஸ், டவுனுல ஒரு எடத்துல டென்டல் ஹைஜீனிஸ்ட் டிப்ளோமா தர்றாங்களாம். பௌதிகம் எல்லாம் தேவையில்லயாம். காசு கட்டினா போதுமாம். என்ட தோட்ட அடகு வெச்சு சேத்துவிடவா?"

அவரிடம் இருந்தது ஒரு சோடி தோடு. இடம்பெயர்ந்த வழியெல்லாம் துணியில் முடிந்து காப்பாற்றி வந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே இம்மாதப் பத்தி. இதே கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த வேலை எப்படிப் பிறந்தது?

அமெரிக்காவின் பிரிஜ்போர்ட் நகரில் அல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் வைத்தியர் இருந்தார். சொத்தையை அடைப்பதிலும் பல் பிடுங்குவதிலுமே காலம் போகிறதே, வராமல் தடுக்க ஒருவரும் இல்லையே என்று அவர் யோசித்தார். 1906இல் தன்னிடம் உதவியாளராக இருந்த உறவுக்காரப் பெண் ஐரீன் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யும் முறையைப் பழக்கினார். 1913இல் இதற்கென்றே ஒரு பயிற்சிப் பாடசாலையைத் தொடங்கினார். அங்கே படித்துத் தேறிய பெண்கள் அந்த நகரத்துப் பாடசாலைகளில் பிள்ளைகளின் பற்களைப் பார்க்க வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். 1917இல் ஐரீன் நியூமன் அரச அனுமதிப்பத்திரம் பெற்றார். உலகின் முதலாவது பற்சுகாதாரப் பணியாளர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

நியூசிலாந்தில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. முதலாம் உலகப் போருக்கு ஆள் சேர்த்தபோது இளைஞர்களின் பற்கள் படுமோசமாக இருப்பது தெரியவந்தது. அதன் பின்னர் 1921இல் தோமஸ் ஹண்டர் என்பவரின் முயற்சியில் வெலிங்டனில் இளம் பெண்களுக்குப் பயிற்சி தொடங்கப்பட்டது. அவர்களுக்குப் 'பாடசாலைப் பல் தாதி' என்று பெயர். இவர்கள் அமெரிக்கப் பெண்களை விட ஒரு படி மேலே போய், பிள்ளைகளின் சொத்தையை அடைக்கவும் பாற்பல் பிடுங்கவும் பழக்கப்பட்டார்கள். இந்த முறையே பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. மலாயாவில் 1949இல் பினாங்கில் இதற்கான பயிற்சி ஆரம்பமானது.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டத்திலேயே பற்சுகாதாரப் பணியாளருக்கென்று தனிப் பதிவேடு ஏற்படுத்தப்பட்டது. தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து படித்துத் திரும்பிய சகோதரிகளில் யாரும் அந்த டிப்ளோமா வைத்திருந்தால், அது அங்கே பதிவு செய்யப்பட்டதா என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் இதன் பெயர் வேறு

இங்கேதான் கவனம் வேண்டும். இலங்கை அரசாங்க சேவையில் வாயில் வேலை செய்து நோயைத் தடுக்கும் பெண்ணுக்குக் காலங்காலமாக உள்ள பதவி 'பாடசாலைப் பற் சிகிச்சையாளர்'. முன்பு பாடசாலைப் பல் தாதி என்றார்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து தந்த உதவியோடு 1950களில் மஹரகமவில் இதற்கான பயிற்சிப் பாடசாலை உருவானது. மஹரகம என்றால் நம்மவர்களுக்குப் புற்றுநோய் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். அதே ஊரில்தான் இந்தப் பயிற்சி நிலையமும் இருக்கிறது. இன்று வாய்ச் சுகாதார நிறுவகம் என்று அழைக்கப்படுகிறது. சில பெரிய பாடசாலைகளின் வளவுக்குள் சின்னதாக ஒரு பற் சிகிச்சை நிலையத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். அங்கே வெள்ளை உடுப்போடு இருப்பவர் இந்தப் பயிற்சி பெற்றவரே.

இதில் நாம் மறக்கக் கூடாத ஒரு வரலாறு உண்டு. மஹரகமவின் கதவு திறந்தபோது, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத்தவரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களாக இருந்தார்கள். நாட்டில் இல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் எங்கே? இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் அந்தக் கணக்கு பெருமளவில் முடிந்தது. எனவே ஒரு தோட்டத்துப் பிள்ளை இந்தப் பதவிக்கு விண்ணப்பம் எழுதுவதே, அவள் பாட்டிக்குக் கிடைக்காத ஓர் உரிமையைப் பயன்படுத்துவதாகும்.

இந்தப் பதவிக்கான பயிற்சிக்கு ஆட்களைச் சேர்ப்பது சுகாதார அமைச்சு. வர்த்தமானி அறிவித்தல் மூலம் விண்ணப்பம் கோரப்படும். உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தி கேட்கப்படும். சாதாரண தரப் பெறுபேறும் பார்க்கப்படும். வருடாவருடம் குறித்த மாதத்தில் வரும் என்று நம்பியிருக்க முடியாது. வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவருகிறது, தமிழிலும் உண்டு. பிரதேச செயலகத்திலோ வாசிகசாலையிலோ பார்க்கலாம். அறிவித்தல் வந்ததும் வயதெல்லை, பயிற்சிக் காலம், பயிற்சி மொழி, கொடுப்பனவு, தங்குமிடம், முடிந்த பின் எத்தனை வருடம் கட்டாய சேவை என்ற ஆறு விடயங்களையும் கோடிட்டு வாசியுங்கள்.

மொழியைப் பற்றி ஒரு சொல். மஹரகமவில் கடைக்குப் போனாலும் பஸ்ஸில் ஏறினாலும் சிங்களம் வேண்டும். பாடப் புத்தகங்களில் ஆங்கிலச் சொற்கள் அதிகம். உயர்தரப் பரீட்சைக்கும் விண்ணப்பத்துக்கும் இடைப்பட்ட மாதங்களை வீணாக்காமல் இந்த இரண்டு மொழிகளையும் பேசப் பழகுங்கள். ஹட்டனில் இதற்கு வகுப்புகள் உண்டு. போரால் பாதிக்கப்பட்ட நமக்குச் சிங்களம் படிப்பதில் மனத்தடை இருக்கலாம். அது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அந்த மொழி உங்களுக்கு ஒரு கருவி. கருவியைக் கையில் எடுப்பதால் நாம் யார் என்பது மாறிவிடாது.

பயிற்சியில் என்ன நடக்கும்?

முதலில் பல்லின் அமைப்பு, ஈறு, எலும்பு, நரம்பு பற்றிய பாடம். இருபது பாற்பற்களும் முப்பத்திரண்டு நிரந்தரப் பற்களும் எப்போது முளைக்கும், எது எந்த எண் என்று மனப்பாடமாக வேண்டும். பிறகு கிருமி நீக்கம். கருவிகளைக் கழுவி, அவித்து, பொதி செய்து வைப்பதில் பிழை விட்டால் ஒருவரின் நோய் இன்னொருவருக்குப் போய்விடும். அதன் பின் பொம்மைத் தலையில் கைப்பழக்கம். கண்ணாடியில் தலைகீழாகத் தெரிகின்ற பல்லைப் பார்த்து விரல் நுனியால் வேலை செய்ய வேண்டும். கடைசியாக, மேற்பார்வையின் கீழ் உண்மையான பிள்ளைகள்.

கொழுந்து பறித்த விரல்களும் தையல் பழகிய விரல்களும் இதற்குச் சோடை போகாது. ஆனால் கழுத்தும் இடுப்பும் வலிக்கும். நாள் முழுக்கக் குனிந்து செய்யும் வேலை. இரத்தம், நாற்றம், பிள்ளைகளின் அழுகை எல்லாம் உண்டு. சில நேரம் விரலைக் கடித்தும் விடுவார்கள். இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

பிள்ளைகளோடு தமிழில் பேசத் தெரிந்தவர் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதைத் தோட்டப் பாடசாலைப் பிள்ளையிடம் கேட்டால் தெரியும். "வாயைத் திற" என்ற ஒரு சொல் விளங்காததால் பயந்து ஓடிவந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நாற்காலியில் படுப்பவர் நம்மில் ஒருவர்

இந்தத் தொழிலைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று நான் எண்ணியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போரைக் கடந்து வந்த பெண்கள் சிலருக்குப் பல் வைத்தியரின் நாற்காலி பெரும் பயம். மல்லாக்கப் படுக்க வேண்டும். கண்ணுக்கு நேரே வெளிச்சம். முகமூடி போட்ட ஒருவர் மேலே குனிந்து நிற்பார். வாய் திறந்திருக்கும், பேச முடியாது. தடுத்து வைக்கப்பட்டிருந்தவர்களுக்கும், அடி வாங்கியவர்களுக்கும், வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் அந்த நிலை எதை நினைவுபடுத்தும் என்று நான் விளக்கத் தேவையில்லை. வலி தாங்காமல் வந்து, நாற்காலியைக் கண்டதும் எழுந்து போய்விட்டவர்களை அறிவேன். அவர்களைப் 'பயந்தாங்கொள்ளி' என்று சொல்லிவிடுவது சுலபம்.

பயிற்சி பெற்ற பணியாளர் செய்யக் கூடியவை எளிமையானவை. தொடுமுன் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்வது. நாற்காலியை ஒரேயடியாகச் சாய்க்காமல் அரைவாசி நிமிர்த்தி வைப்பது. "கையை உயர்த்தினால் உடனே நிறுத்துவேன்" என்று முதலிலேயே உறுதி சொல்லி, உயர்த்தினால் உண்மையிலேயே நிறுத்துவது. கூட வந்தவரைப் பக்கத்தில் இருக்க விடுவது. நோயாளியாகப் போகும்போது நீங்களே இவற்றைக் கேட்டு வாங்கலாம். "எனக்குப் பயமாக இருக்கிறது, மெதுவாகச் செய்யுங்கள்" என்று சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. நாளை இந்த வேலைக்குப் போகும் பெண் நம்மில் ஒருவராக இருந்தால், இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்காது.

பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள்

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். தனியார் நிறுவனங்கள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. நல்ல பயிற்சி தருபவையும் உண்டு. ஆனால் வைத்தியத் துறையில் சான்றிதழ் கிடைப்பது ஒன்று; அந்தச் சான்றிதழோடு இன்னொருவரின் வாயில் கை வைக்கச் சட்டம் இடம் கொடுப்பது இன்னொன்று. எனவே எந்த இடமானாலும் பணம் கட்டுமுன் இந்த மூன்றையும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஒன்று: இந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டதா? பதிவு இலக்கம் என்ன? நிறுவனம் பதியப்பட்டிருந்தாலும் இந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா? தேசிய தொழில் தகைமையில் எத்தனையாவது மட்டம்?

இரண்டு: இதை முடித்தவர் இலங்கையில் என்ன பதவியில், யாருடைய மேற்பார்வையில், என்னென்ன வேலை செய்யலாம்? அரச சேவைக்கு இது ஏற்கப்படுமா? "வெளிநாட்டில் நல்ல கிராக்கி" என்றால், எந்த நாட்டில், எந்தப் பதிவு அமைப்பு இதை ஏற்கிறது? கனடாவின் ஒன்ராறியோவில் இந்தத் தொழிலுக்கென்றே 1991ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பிரித்தானியாவிலும் பதிவு இல்லாமல் இந்த வேலை செய்ய முடியாது. உறவினர் அங்கே இருக்கிறார் என்பது தகைமை ஆகாது.

மூன்று: கைப்பழக்கம் எந்தக் கிளினிக்கில், எத்தனை மணித்தியாலம், எந்தப் பல் வைத்தியரின் கீழ்? வாயையே பார்க்காமல் வகுப்பறையில் மட்டும் முடிகின்ற பற்சுகாதாரப் படிப்பு ஒன்று இருக்க முடியாது.

அந்தத் தாயும் மகளும் இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார்கள். "முதல்ல சேருங்க, பிறகு சொல்றோம்" என்பதே கிடைத்த பதில். தோடு அடகுக்குப் போகவில்லை. மகள் பௌதிகவியலை மறுபடி எழுதத் தீர்மானித்தாள். பாடசாலையில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் நிலையாக இருந்ததில்லை என்பதால் அவள் தவறியது ஆச்சரியமும் இல்லை. ஹட்டனில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். அந்தத் தோட்டின் பெறுமதியில் சின்னப் பங்குதான் அந்தச் செலவு. சித்தி பெறுவாளா, விண்ணப்பம் எப்போது வரும், தெரிவாவாளா என்பதை இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவள் எதிர்பார்த்து நிற்பது உண்மையில் இருக்கின்ற ஒரு பதவியை.

சகோதரிகளே, இதுதான் நான் சொல்ல விரும்புவது. படிப்பைத் தேடுமுன் பதவியைத் தேடுங்கள். அந்தப் பதவி எங்கே இருக்கிறது, யார் சம்பளம் தருகிறார், அதற்கு எந்தக் கடுதாசி வேண்டும் என்று பின்னிருந்து முன்னுக்கு வாருங்கள். நிவாரணத் திட்டங்களில் கிடைத்த எத்தனையோ சான்றிதழ்கள் நம் வீடுகளில் பெட்டிக்கடியில் கிடக்கின்றன. அவற்றின் மறு முனையில் வேலை ஒன்று இருக்கவில்லை.

விஞ்ஞானம் படிக்காதவர்களுக்கு

வாசகிகளில் பலர் உயர்தரத்தைத் தாண்டியவர்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். போர்க் காலத்தில் பாடசாலையே இல்லாமல் போனவர்கள் இருக்கிறீர்கள். மஹரகமவின் வாசல் உங்களுக்கு இல்லாவிட்டாலும் இந்தத் துறையில் வேறு வேலைகள் உண்டு. பல் வைத்திய நிலையங்களில் உதவியாளர் வேலைக்குச் சாதாரண தரத்தோடு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கருவி சுத்தம், நோயாளர் பதிவு என்று தொடங்கும் வேலை. செய்துகொண்டே தொழில் தகைமைக்கு மதிப்பீடு செய்யக் கேட்கலாம்.

சம்பளம் இல்லாவிட்டாலும் உயிர் காக்கும் ஒரு வேலை எல்லோருக்கும் உண்டு. இலங்கையில் ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். தோட்டங்களில் ஆணும் பெண்ணும் குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறோம். பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். வைத்தியர் அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறந்து பார்த்தார்கள். புகையிலை அல்லது மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோயால் ஏற்படும் மரணம் சுமார் 34 சதவீதம் குறைந்ததாக 2005இல் முடிவு வெளியானது. இலங்கையிலும் ஆரம்ப சுகாதார ஊழியர்கள் இப்படிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியும் என்று 1984இலேயே ஆய்வொன்று காட்டியிருக்கிறது. வெளிச்சமும் பழகிய கண்ணுமே அதற்குத் தேவைப்பட்டன.

ஆகவே மாதத்தில் ஒரு நாள் கண்ணாடிக்கு முன் நின்று உங்கள் வாயைப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களின் வாயையும் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முன்பு போல் அகலத் திறக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொறுத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்குப் போங்கள். அங்கிருந்து தேவையானால் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

பிள்ளைகளுக்கு, முதல் பல் முளைத்த நாளிலிருந்தே புளோரைட்டு உள்ள பற்பசை. மூன்று வயதுவரை அரிசி மணியளவு. அதன் பின் கடலை அளவு. இரவு படுக்குமுன் ஒரு தடவை கட்டாயம். துலக்கிய பின் துப்ப வேண்டும்; விழுங்கக் கூடாது. போத்தலை வாயில் வைத்தபடி தூங்க விடாதீர்கள். இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள், இடையிடையே வேண்டாம்.

உங்கள் ஊரில் விஞ்ஞானப் பிரிவில் படிக்கின்ற ஒரு பெண் பிள்ளையாவது இருப்பாள். 'டொக்டர் ஆகாவிட்டால் எல்லாம் போச்சு' என்று அவளைச் சோர்வடைய விடாதீர்கள். வைத்தியப் பீடத்துக்கு வெட்டுப்புள்ளி போதாதவளுக்கும் சுகாதார சேவையில் மரியாதையான இடங்கள் உண்டு என்றும், அவற்றில் ஒன்றின் பெயர் பாடசாலைப் பற் சிகிச்சையாளர் என்றும் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தாலும் சந்தோஷமே.

அடுத்த இதழில், குடும்ப நல உத்தியோகத்தர் பயிற்சியைப் பற்றிப் பேசுவோம்.